டாக்கரில் லைவ் ரீலோட் நின்றுவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலத்தில் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்கும் டீம்கள் நிறைய இருக்கின்றன. கொலுசு வியாபாரிக்கு ஆர்டர் பக்கம், ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்கு புக்கிங் பக்கம், ஜவ்வரிசி ஆலைக்கு விலைப்பட்டியல் என்று வேலை ஓடும். ஒருவரிடம் விண்டோஸ் லேப்டாப், இன்னொருவரிடம் உபுண்டு. எல்லோரிடமும் ஒரே மாதிரி ஓடட்டும் என்று, புரோகிராமைத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் போடுகிறார்கள். முதல் நாள் நன்றாகத்தான் ஓடும்; சேவ் செய்ததும் பிரவுசர் தானாகப் புதுசைக் காட்டும், இதுதான் லைவ் ரீலோட். அப்புறம் போன் வரும்: "அண்ணா, கோடு மாத்தி சேவ் பண்றேன், பிரவுசர்ல பழசேதான் நிக்குதுங்க."

இதைப் பலருக்கும் சரிசெய்து கொடுத்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. டாக்கரை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதால் இந்தக் கோளாறு தீர்வது மிக அபூர்வம். நீங்கள் சேவ் செய்த மாற்றம் பிரவுசருக்குப் போகும் வழியில் எங்கே நின்றுபோகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இடம் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு வரி மாற்றத்தில் வேலை முடிந்துவிடும்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளில், கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸ் ஃபைலில் சர்வீஸின் பெயர் வெப், கோடு இருக்கும் இடம் கன்டெய்னருக்குள் /ஆப், கோடைப் பக்கமாக்கி பிரவுசருக்குக் கொடுக்கும் டெவலப்மென்ட் சர்வர் வைட், போர்ட் 5173. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: சேவ் செய்தால் பக்கம் மாறவில்லை

எஃப்5 அடித்துப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பலரும் தடம் மாறுவது இங்கேதான். வைட், அதே வேலை செய்யும் வெப்பேக் இரண்டுமே ஒருமுறை தயாரித்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். ஃபைல் மாறியது அவற்றுக்குத் தெரியாவிட்டால், எத்தனை முறை எஃப்5 அடித்தாலும் பழையதையே கொடுக்கும். அதைப் பார்த்து பிரவுசர் கேஷ் என்று நினைத்து அரை நாள் போய்விடும்.

பதிலாக இப்படிச் செய்யுங்கள். முகப்புப் பக்கத்தில் ஒரு தலைப்பை மாற்றுங்கள். "வெள்ளிக் கொலுசு" என்று இருந்தால் "வெள்ளிக் கொலுசு 77" என்று போட்டு சேவ் செய்யுங்கள். ஒரு டெர்மினலில் டாக்கர் கம்போஸ் லாக்ஸ் -எஃப் வெப் ஓடிக்கொண்டிருக்கட்டும். இன்னொரு டெர்மினலில் டாக்கர் கம்போஸ் எக்ஸெக் வெப் கிரெப் -ஆர் 77 /ஆப்/எஸ்ஆர்சி என்று அடியுங்கள். கன்டெய்னருக்குள் இருக்கும் கோடில் 77 இருக்கிறதா என்று கிரெப் தேடும். இந்த இரண்டு ஜன்னலைப் பார்த்தாலே எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

### 1அ. கிரெப்பில் 77 வரவில்லை

மாற்றம் கன்டெய்னருக்குள்ளேயே போகவில்லை. வைட்டையோ பிரவுசரையோ தொட வேண்டாம்.

முதலில், நீங்கள் எடிட் செய்யும் ஃபோல்டரும் கம்போஸ் ஓடும் ஃபோல்டரும் ஒன்றுதானா? டவுன்லோட்ஸில் ஒரு பிரதி, டெஸ்க்டாப்பில் ஒரு பிரதி இருப்பது சகஜம். டாக்கர் கம்போஸ் எல்எஸ் அடித்தால் எந்த இடத்துக் கம்போஸ் ஃபைல் ஓடுகிறது என்று முழுப் பாதையும் காட்டும்.

அடுத்து, கம்போஸ் ஃபைலில் வால்யூம்ஸ் பகுதியைப் பாருங்கள். லேப்டாப் ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் இணைப்பது, அதாவது மவுன்ட் செய்வது, அங்கேதான். "./:/ஆப்" போன்ற வரி இருக்கிறதா? டாக்கர்ஃபைலில் காப்பி என்ற வரி மட்டும் இருந்தால், இமேஜ் (கன்டெய்னர் எழுவதற்கான மூலப் பிரதி) கட்டிய நேரத்துக் கோடுதான் உள்ளே உறைந்திருக்கும். வரியைச் சேர்த்த பிறகு டாக்கர் கம்போஸ் அப் -டி கொடுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாது. கம்போஸ் ஃபைலில் செய்த மாற்றத்தை ரீஸ்டார்ட் எடுத்துக்கொள்ளாது, பழைய கன்டெய்னரையே திரும்ப எழுப்பும்.

வரியும் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஒரே ஒரு ஃபைல் மட்டும் மாற மாட்டேன் என்கிறதா? அந்த ஃபைலைத் தனியாக மவுன்ட் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சில எடிட்டர்கள் சேவ் செய்யும்போது புது ஃபைல் எழுதி, அதற்குப் பழைய பெயரை வைத்துவிடும். கன்டெய்னர் பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும். ஃபைலுக்குப் பதில் அது இருக்கும் ஃபோல்டரை மவுன்ட் செய்யுங்கள்.

### 1ஆ. 77 வருகிறது, ஆனால் லாக்கில் எந்த அசைவும் இல்லை

என்னிடம் வரும் புகார்களில் அதிகம் இதுதான். ஃபைல் உள்ளே மாறிவிட்டது, மாறியது என்ற சேதி வைட்டுக்குப் போகவில்லை. கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் புதுசு வரும், அடுத்த சேவுக்கு மறுபடி பழசு.

விண்டோஸ் என்றால் ஒரே கேள்வி கேட்பேன்: ப்ராஜெக்ட் சி டிரைவில் இருக்கிறதா? டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக ஓடும் டாக்கரில், சி டிரைவ் தெரியும் /எம்என்டி/சி கீழே இருக்கும் ஃபைல்களில் விண்டோஸ் பக்கம் செய்யும் மாற்றத்துக்கு ஃபைல் மாறியதைச் சொல்லும் லினக்ஸின் ஐநோட்டிஃபை சேதி கன்டெய்னருக்கு வராது. இதற்கு மூன்று வழி உண்டு.

நல்ல வழி, ப்ராஜெக்டை டபிள்யூஎஸ்எல்-க்குள் கொண்டுபோவது. உபுண்டு ஜன்னலைத் திறந்து, ஹோம் ஃபோல்டரில் கிட் குளோன் செய்து, அங்கிருந்தே "கோட் ." என்று அடித்தால் விஎஸ் கோட் அந்த ஃபோல்டரில் திறக்கும். ரீலோட் உடனே வரும், பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு வேகமாகும். பத்து நிமிட வேலை. பழகிய டிரைவை விட்டு வர மனசு வராமல் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது வழி போலிங். சேதிக்குக் காத்திருக்காமல், வைட்டே குறிப்பிட்ட இடைவெளியில் ஃபைல்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரும். வைட் கான்ஃபிக்கில் சர்வர், அதற்குள் வாட்ச், அதற்குள் யூஸ்போலிங் என்பதை ட்ரூ ஆக்குங்கள். இன்டர்வலை 1000 மில்லிசெகண்ட் வையுங்கள். நோட் சர்வரைத் தானாக ரீஸ்டார்ட் செய்யும் நோட்மான் என்றால் -எல் சேர்த்தால் போதும்; அந்த எல் பெரிய எழுத்து. வெப்பேக்கில் வாட்ச் ஆப்ஷன்ஸுக்குள் போல் என்பதற்கு 1000. ஓடும், ஆனால் ப்ராஸசர் சும்மா இருக்காது. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ஃபேன் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். சி டிரைவை விட்டு நகர முடியாத நிலையில் மட்டும் இதை வையுங்கள்.

2023-இல் வந்த டாக்கர் கம்போஸ் வாட்ச் மூன்றாவது வழியாக இருக்கிறது. கம்போஸ் ஃபைலில் டெவலப் என்ற பகுதி எழுதி, எந்த ஃபோல்டர் மாறினால் சிங்க் செய்வது, பேக்கேஜ் ஃபைல் மாறினால் ரீபில்ட் செய்வது என்று சொல்லிவிடலாம். புது ப்ராஜெக்டுக்கு நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய ப்ராஜெக்டில் அவசரத்துக்கு இதை நுழைக்க வேண்டாம்.

உபுண்டுவில் இதே அறிகுறி வந்து, லாக்கில் ஈஎன்ஓஎஸ்பிசி என்றும் ஃபைல் வாட்சர் எல்லை முடிந்தது என்றும் இருந்தால், டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய ஃபைல்களுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் வரம்பு அது. எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ் மதிப்பை 524288 ஆக்கி, சிஸ்சிடிஎல் -பி கொடுங்கள். இதை லேப்டாப்பில்தான் செய்ய வேண்டும், கன்டெய்னருக்குள் செய்து பயனில்லை. இரண்டுக்கும் கெர்னல் ஒன்றுதான்.

### 1இ. லாக்கில் அசைவு தெரிகிறது, எஃப்5 அடித்தால் புதுசு, தானாக மாறவில்லை

சர்வர் சொல்வது பிரவுசர் காதில் விழவில்லை. எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள். வெப்சாக்கெட் (சர்வரும் பிரவுசரும் தொடர்ந்து பேசும் வழி) இணைப்பு தோல்வி என்று சிவப்பில் இருக்கும்.

முன்னால் என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கையை வைட்டுக்குக் கடத்தும் சர்வர்) வைத்திருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். அப்கிரேட், கனெக்ஷன் என்ற இரண்டு ஹெடரையும் அது பின்னால் அனுப்ப வேண்டும், ப்ராக்ஸி எச்டிடிபி வெர்ஷன் 1.1 ஆக இருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் இல்லை, வெளியே 8080 உள்ளே 5173 என்று போர்ட் மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்றால், இரண்டையும் 5173:5173 என ஒன்றாக்கிப் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், வைட்டின் எச்எம்ஆர் (லைவ் ரீலோட்) பகுதியில் கிளையன்ட் போர்ட்டுக்கு வெளி எண்ணைக் கொடுங்கள்.

### 1ஈ. லாக்கில் அசைவு தெரிகிறது, எஃப்5 அடித்தும் பழசு

இப்போதுதான் கேஷைச் சந்தேகப்படலாம். இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அங்கே புதுசு வந்தால், எஃப்12-இல் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய் சர்வீஸ் வொர்க்கரை (பக்கத்தின் பழைய பிரதியை வைத்திருந்து கொடுக்கக்கூடிய பிரவுசர் ஸ்கிரிப்ட்) அன்ரிஜிஸ்டர் செய்யுங்கள். அதே போர்ட்டில் முன்பு ஓடிய வேறு ப்ராஜெக்டின் சர்வீஸ் வொர்க்கர்கூட அங்கே உட்கார்ந்திருக்கும். இன்காக்னிட்டோவிலும் பழசு என்றால் அட்ரஸ் பாரில் போர்ட் எண்ணைச் சரிபாருங்கள். பில்ட் செய்த பக்கத்தை 8080-இல் திறந்து வைத்துக்கொண்டு 5173 மாறவில்லை என்று தேடிக்கொண்டிருக்கலாம்.

## அறிகுறி 2: பக்கமே திறக்கவில்லை

டாக்கர் கம்போஸ் பிஎஸ் அடியுங்கள். கன்டெய்னர் ஓடவே இல்லை என்றால் அறிகுறி 3-க்குப் போங்கள்.

ஓடுகிறது, லாக்கில் வைட் தயார் என்கிறது, பிரவுசரில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் லாக்கில் நெட்வொர்க் என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். அங்கே முகவரி இல்லாமல், --ஹோஸ்ட் பயன்படுத்தச் சொல்லியிருக்கும். வைட் கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்டில் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது, வெளியிலிருந்து வருவது அதற்குக் கேட்காது. கான்ஃபிக்கில் ஹோஸ்ட் 0.0.0.0 என்று போடுங்கள். கட்டளையிலேயே கொடுப்பதானால் என்பிஎம் ரன் டெவ் -- --ஹோஸ்ட். நடுவில் தனியாக இருக்கும் அந்த இரட்டைக் கோட்டை விட்டுவிட்டால் என்பிஎம் அதை வைட்டுக்குக் கடத்தாது.

போர்ட் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பிழை வந்தால், இடப்பக்க எண்ணை மட்டும் மாற்றுங்கள். லேப்டாப்பில் முன்பே மைஎஸ்க்யூஎல் போட்டவர்களுக்கு 3306-இல் இது வரும். 3307:3306 என்று வைத்தால் சரி. உள்ளே கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது 3306-இல்தான், அதை மாற்றாதீர்கள்.

## அறிகுறி 3: கன்டெய்னர் எழுந்த உடனே விழுந்துவிடுகிறது

டாக்கர் கம்போஸ் லாக்ஸ் வெப் கொடுத்து முதல் பிழை வரியைத் தேடுங்கள். கடைசி வரி பெரும்பாலும் அதன் விளைவாகத்தான் இருக்கும்.

### மாட்யூல் கிடைக்கவில்லை என்கிறது

இமேஜ் கட்டும்போது உள்ளே நோட் மாட்யூல்ஸ் (ப்ராஜெக்டுக்குத் தேவையான பேக்கேஜ்கள்) வந்தது. அப்புறம் உங்கள் ஃபோல்டரை அதே /ஆப் மேல் மவுன்ட் செய்ததும் அது மறைந்துவிட்டது. வால்யூம்ஸில் /ஆப்/நோட்_மாட்யூல்ஸ் என்று தனி வரி சேருங்கள். அப்புறம் ஒரு சங்கடம் வரும்: டீமில் ஒருவர் புது பேக்கேஜ் சேர்ப்பார், நீங்கள் கிட் புல் செய்து, இமேஜைக்கூட மறுபடி கட்டியிருப்பீர்கள், ஆனாலும் அதே பிழை. அந்தத் தனி வால்யூமில் பழைய மாட்யூல்ஸ் தங்கிவிட்டது. டாக்கர் கம்போஸ் அப் --பில்ட் -வி கொடுங்கள். அந்த வி பெரிய எழுத்து. பெயரில்லாத வால்யூமை மட்டும் அது புதுப்பிக்கும், பெயர் வைத்த டேட்டாபேஸ் வால்யூமைத் தொடாது. டேட்டாபேஸுக்குப் பெயர் வைத்த வால்யூம்தானா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

### வேறு பிளாட்ஃபார்முக்கான ஈஎஸ்பில்ட் என்கிறது, அல்லது இன்வேலிட் ஈஎல்எஃப் ஹெடர் என்கிறது

விண்டோஸிலோ மேக்கிலோ இன்ஸ்டால் செய்த நோட் மாட்யூல்ஸ் லினக்ஸ் கன்டெய்னருக்குள் போய்விட்டது. மேலே சொன்ன தனி வரியோடு, .டாக்கர்இக்னோர் ஃபைலிலும் நோட்_மாட்யூல்ஸ் என்று எழுதி, மறுபடி கட்டுங்கள்.

### ஃபைல் கண்ணெதிரே இருக்க, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்கிறது

என்ட்ரிபாயின்ட்.எஸ்எச் போன்ற ஸ்கிரிப்டில் இது வந்தால், அதை விஎஸ் கோடில் திறந்து கீழே வலது மூலையைப் பாருங்கள். சிஆர்எல்எஃப் (விண்டோஸின் வரி முடிவுக் குறி) என்றிருந்தால் அதைத் தட்டி எல்எஃப் (லினக்ஸின் குறி) ஆக்கி சேவ் செய்யுங்கள். கிட் அட்ரிப்யூட்ஸ் ஃபைலில் எஸ்எச் ஃபைல்களுக்கு இஓஎல்=எல்எஃப் என்று எழுதிவிட்டால் அடுத்தவருக்கு இந்தத் தொல்லை வராது.

### எக்ஸிட் கோட் 137

பெரும்பாலும் ரேம் போதாமல் கொல்லப்பட்டிருக்கிறது. அறிகுறி 5-ஐப் பாருங்கள்.

## அறிகுறி 4: எடிட்டரில் சேவ் செய்யவே விடவில்லை

உபுண்டுவில் வருவது. கன்டெய்னர் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசர்) ஓடி உருவாக்கிய ஃபைல்கள் ரூட் பெயரில் நிற்கின்றன. எல்எஸ் -எல் அடித்தால் தெரியும். சூடோ சிஎச்ஓன் -ஆர் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்; இங்கேயும் ஆர் பெரிய எழுத்து. மறுபடி வராமல் இருக்க, கம்போஸ் ஃபைலில் யூசர் என்பதற்கு 1000:1000 கொடுங்கள். ஐடி என்று அடித்து உங்கள் எண் 1000-தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சிஎச்மாட் 777 போட்டுத் தப்பிக்காதீர்கள். அந்த அனுமதி அப்படியே சர்வர் வரை போய்விடக்கூடும்.

## அறிகுறி 5: லேப்டாப் நகரவே மாட்டேன் என்கிறது

போலிங் போட்டிருந்தால் முதலில் அதன் இன்டர்வலைக் கூட்டுங்கள். நோட்_மாட்யூல்ஸைக் கவனிக்கும் பட்டியலிலிருந்து விலக்குங்கள். இந்த வாரம் தேவைப்படாத கன்டெய்னர்களை நிறுத்துங்கள். டாக்கர் ஸ்டேட்ஸ் அடித்தால் எது எவ்வளவு ரேம் தின்கிறது என்று தெரியும்.

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 வழக்கமாக மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். உங்கள் யூசர் ஃபோல்டரில் .டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற ஃபைல் வைத்து, அதில் [டபிள்யூஎஸ்எல்2] என்ற தலைப்பின் கீழ் மெமரி=3ஜிபி போன்று எழுதி, டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன் கொடுங்கள். ரொம்பக் குறைத்தால் 137 வரும், பார்த்து வையுங்கள்.

டிஸ்க் நிறைந்தால் டாக்கர் சிஸ்டம் டிஎஃப் அடித்து எது இடத்தை அடைக்கிறது என்று பார்த்துவிட்டு, டாக்கர் சிஸ்டம் ப்ரூன் கொடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று --வால்யூம்ஸ் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பயன்பாட்டில் இல்லாத, பெயரில்லாத வால்யூமையும் அது துடைக்கும், பழைய டாக்கர் என்றால் பெயர் வைத்ததையும்கூட; அதில் உங்கள் டேட்டாபேஸும் இருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் திணறினால் ரேமை 16 ஜிபி ஆக்குவதுதான் வழி. சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். காசு கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

## அறிகுறி 6: கரண்ட் போய் வந்தபின் ஓடவில்லை

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். அன்றைக்கு டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர்கள், கரண்ட் போவதற்கு முன் டாக்கர் கம்போஸ் ஸ்டாப் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் போகும் கரண்ட்தான் பிரச்சினை.

லாராவெல்லில் பக்கம் வருகிறது, ஆனால் டிசைன் எல்லாம் போய் வெறும் எழுத்தாக நிற்கிறதா? பப்ளிக் ஃபோல்டரில் ஹாட் என்ற சின்ன ஃபைல் இருக்கிறதா பாருங்கள். வைட் ஓடும்போது எழுதி, முறையாக நிற்கும்போது தானே நீக்கும் ஃபைல் அது. திடீரென்று கரண்ட் போனால் அங்கேயே தங்கிவிடும். லாராவெல் அதை நம்பி, ஓடாத வைட்டிடம் சிஎஸ்எஸ் கேட்டுக்கொண்டிருக்கும். ஹாட்டை அழித்தாலும் சரி, வைட்டை மறுபடி ஓட விட்டாலும் சரி. ரெயில்ஸில் இதேபோல் டிஎம்பி/பிட்ஸ் கீழே சர்வர்.பிட் தங்கி, சர்வர் ஏற்கெனவே ஓடுகிறது என்று சொல்லும். அதை அழித்துவிட்டு எழுப்புங்கள்.

டேட்டாபேஸ் கன்டெய்னர் எழவில்லை என்றால் மட்டும் நிதானம் தேவை. சில நிமிடம் விடுங்கள். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரஸும் பாதியில் நின்றதைத் தாங்களே மீட்டுக்கொண்டு எழும். லாக்கில் கரப்ட் என்ற சொல் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். வால்யூமை அழிக்காதீர்கள், டவுன் -வி கொடுக்காதீர்கள். சோதனை டேட்டா என்றால் பரவாயில்லை. வாடிக்கையாளர் கொடுத்த உண்மையான ஆர்டர் விவரம் உள்ளே இருந்தால், டேட்டாபேஸ் தெரிந்த ஆளிடம் போங்கள்.

## அறிகுறி 7: மலைமேல் இமேஜ் இறங்கவில்லை

ஏற்காட்டில் வாடிக்கையாளர் இடத்திலேயே உட்கார்ந்து வேலை செய்யப் போகிறவர்களுக்கு இது. கொண்டை ஊசி வளைவு ஏறியபின் டவர் எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சேலத்திலேயே இமேஜைக் கட்டி முடித்து, டாக்கர் சேவ் -ஓ வெப்.டார் என்று கொடுத்து, பின்னால் இமேஜின் பெயரைச் சேர்த்து பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போய் டாக்கர் லோட் -ஐ வெப்.டார், அப்புறம் டாக்கர் கம்போஸ் அப் --நோ-பில்ட். டேட்டாபேஸ் இமேஜையும் மறக்காமல் சேர்த்து எடுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

எக்ஸெக் ஃபார்மட் எரர் வந்தால், கட்டிய லேப்டாப்பும் ஓட்டும் லேப்டாப்பும் வேறு ப்ராஸசர் வகை. எம் வரிசை மேக்கில் கட்டியதை இன்டெல் லேப்டாப்பில் ஏற்றினால் வரும். கட்டும்போதே --பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64 கொடுக்க வேண்டும்.

டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ் என்று வந்தால் அது நெட் கோளாறு கிடையாது. டாக்கர் ஹப் ஒரே ஐபிக்கு வைத்திருக்கும் வரம்பு அது. டாக்கர் லாகின் செய்துவிட்டு முயலுங்கள்.

விடுதியின் வைஃபையில் போனிலிருந்து லேப்டாப்பின் பக்கம் திறக்கவில்லை என்றால், அந்த வைஃபை ஒரு கருவியை இன்னொன்றோடு பேச விடாமல் தடுத்திருக்கலாம். போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, அதே போனில் லேப்டாப்பின் ஐபியையும் :5173-ஐயும் அடித்துப் பாருங்கள். போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் அது போனையே குறிக்கும். விண்டோஸ் ஃபயர்வால் கேட்டால் அனுமதி கொடுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

டாக்கரே எழாமல், விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது என்று சொல்லி, பயாஸில் பாஸ்வேர்டு கேட்டால், அந்த லேப்டாப்பைக் கொடுத்த ஆபீஸின் சிஸ்டம் அட்மினிடம் போங்கள். ஆபீஸ் விபிஎன் போட்டால் மட்டும் இமேஜ் இறங்கவில்லை, சர்டிஃபிகேட் பிழை வருகிறது என்றாலும் அவர்களிடம்தான். டிஸ்கிலிருந்து படிக்க முடியவில்லை என்று விண்டோஸே சொல்ல ஆரம்பித்தால் டாக்கர் வேலையை நிறுத்திவிட்டு, கிட் புஷ் கொடுத்துவிட்டு, ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போங்கள். இவை எதுவும் இல்லாமல், அறிகுறி 1-இன் நான்கு கிளையையும் பார்த்து அரை நாளுக்கு மேல் ஓடிவிட்டது என்றாலும் கேட்டுவிடுவது நல்லது.

கேட்கும்போது "ஓடலைங்க" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். எந்த ஓஎஸ், ப்ராஜெக்ட் எந்த டிரைவில், கிரெப்பில் 77 வந்ததா, லாக்கில் அசைவு இருந்ததா என்று நான்கு வரி எழுதுங்கள். டாக்கர் கம்போஸ் பிஎஸ் கொடுத்ததையும், லாக்கின் கடைசி 100 வரியையும் ஸ்கிரீன்ஷாட்டாக இல்லாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். கம்போஸ் ஃபைலை அனுப்பும் முன் அதிலுள்ள பாஸ்வேர்டு, பேமென்ட் கீ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.